வெட்டு வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் எழுத்திணைப்பு: புள்ளி காக்கும் நெறி

முன்னுரை

காட்பாடி, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பாலாற்றுப் பகுதி தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. தோலிலும் அட்டையிலும் பெயரை வெட்டியெடுக்கக் கணினிவழி இயங்கும் வெட்டுக்கருவிகள் இன்று கைவினைஞர்க்கும் எட்டியுள்ளன. இக்கருவிகளுக்கான மென்பொருள்களில் தமிழ் எழுத்துகளை இணைக்கும் முறை கைவினை நுட்பம் மட்டுமன்று. அது எழுத்திலக்கணம் சார்ந்த சிக்கலும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திரையிணைப்பும் பொருளிணைப்பும்

கிரிகட் மென்பொருளில் ‘வெல்டு’ என்றும், கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் ‘யூனியன்’ என்றும் வழங்கும் கட்டளை, ஒன்றன்மேல் ஒன்று படியும் வடிவங்களின் உட்கோடுகளை நீக்கி ஒரே புறக்கோடாக்குகிறது. ஒன்றையொன்று தொடாத வடிவங்களை அக்கட்டளை இணைப்பதில்லை. அவை திரையில் ஒரே பொருளாகத் தோன்றினும் வெட்டியபின் தனித்தனியே உதிரும்.

‘காட்பாடி’ என்னும் சொல்லில் எழுத்து நான்கு. பெரும்பாலான எழுத்துருக்களில் இதனை வெட்டினால் ககரம், அதன் கால், டகரம், அதன் புள்ளி, பகரம், அதன் கால், டி என ஏழு துண்டுகள் கிடைக்கும். கூட்டெழுத்து முறையில் அமைந்த ஆங்கில எழுத்துருக்களில் ஒருசில எழுத்துகளின் புள்ளிகளே தனித்து நிற்கும். அவை உதிர்ந்தாலும் சொல் மாறாது. தமிழிலோ புள்ளி உதிர்ந்தால் ‘பல்’ என்பது ‘பல’ என்றாகிவிடும்.

வரலாற்றுத் தொடர்ச்சி

எழுதுபொருள் எழுத்தின் வடிவத்தைப் பாதிப்பது தமிழுக்குப் புதிதன்று. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலைச்சுவடிகளில் புள்ளியின்றி எழுதும் வழக்கே பெரிதும் நிலவியது. புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். சுவடிகளைப் பதிப்பித்தோர் மெய்யா உயிர்மெய்யா என இடம் நோக்கித் தெளிய வேண்டியதாயிற்று.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கு எண்ணுதல் தகும். அதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியன ஒரே தொடர்வடிவாக எழுதப்பட்டன. சீர்திருத்தம் அவற்றின் காலையும் ஐகாரக் குறியையும் பிரித்தது. அச்சுக்கும் கற்றலுக்கும் எளிமை தந்த அப்பிரிப்பு, வெட்டுக்கருவியில் துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. பழைய வடிவங்களை மீட்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. எழுத்துறுப்புகளைத் தொடுத்து எழுதுவது தமிழ் மரபுக்கு அயலன்று என்பதற்கு அவை சான்றாகின்றன.

கொள்ளத்தக்க நெறிகள்

முதலாவதாக, இணைப்பு எழுத்தளவில் தொடங்க வேண்டும். கொம்பு, கால், ஐகாரக் குறி ஆகியவற்றை அவற்றுக்குரிய மெய்யோடு இணைத்த பின்னரே அடுத்த எழுத்தோடு இணைத்தல் வேண்டும். சொல்லின் அடியில் ஒரு பட்டை இட்டு அனைத்தையும் இணைப்பது எளிய வழியே. ஆயினும் அப்பட்டை மேலே நிற்கும் புள்ளியை எட்டாது.

இரண்டாவதாக, புள்ளிக்குத் தனிக்காம்பு தேவை. அக்காம்பு மெய்யின் நடுப்பகுதியிலிருந்து நேராக எழ வேண்டும். வலப்பக்க முனையிலிருந்து வளைந்து எழுமாயின் ‘ப்’ என்பது ‘பி’ என்றோ ‘பீ’ என்றோ மயங்க இடமுண்டு. காம்பு, புள்ளியினும் மெல்லியதாகவும் தோலின் இழுவையைத் தாங்குவதாகவும் அமைதல் நன்று.

மூன்றாவதாக, புறக்கோடாக மாற்றப்பட்ட எழுத்து கணினிக்கு எழுத்தன்று, வெறும் வடிவமே. பின்னர்ப் பிழை திருத்த, மாற்றப்படாத மூலப்படி ஒன்றைப் பேணுதல் இன்றியமையாதது.

நிறைவுரை

வெட்டும்போது தமிழ் சிதையுமாயின், பெயரை ஆங்கில எழுத்தில் வெட்டுவதே எளிது என்னும் எண்ணம் கைவினைஞர்க்குத் தோன்றுவது இயல்பு. அது அவர்தம் குறையன்று. எவ்வுறுப்பை எங்கே தொடுக்கலாம், எங்கே தொடுத்தால் எழுத்து மயங்கும் என வரையறுப்பது எழுத்திலக்கணம் கற்றோரின் கடமை. தமிழ்த்துறைகள் எழுத்துரு வடிவமைப்பாளரோடும் தோல் தொழில் செய்வோரோடும் அமர்ந்து, வெட்டுதற்கேற்ற எழுத்துரு ஒன்றை உருவாக்க முன்வரல் வேண்டும். ஓலையில் விடுபட்ட புள்ளி தோலிலும் விடுபடாமல் காத்தல் இக்காலத் தமிழாய்வின் பணிகளுள் ஒன்றாகும்.