பாலை நிறுத்தினால் மட்டும் போதுமா?

பால் ஒவ்வாத குழந்தைக்குப் பாலை நிறுத்து என்கிறார் டாக்டர். நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஆனால், பாலோடு நின்றுபோன சத்தை ஈடுசெய்வது யார்? அந்தச் செலவு யார் தலையில்? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. ஒரு தம்ளர் பாலிலேயே ஏறத்தாழ அதில் பாதி கிடைத்துவிடும். பால் போனால் அதுவும் போகும். முட்டையும் விலக்கப்பட்டால் பி-12 வைட்டமினுக்கும் தட்டுப்பாடு வரும். அமெரிக்காவில் பாலுக்குப் பதிலாக அரிசிப் பானம் ஊட்டப்பட்ட குழந்தை புரதமின்றி உடல் வீங்கியதையும், சத்துச் சேர்க்காத சோயா பானம் குடித்த குழந்தை எலும்பு நோய்க்கு ஆளானதையும் 2001-இல் டாக்டர்கள் எழுதிவைத்தார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்தக் கதி!

அதற்காக, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் அனைவருக்கும் டானிக் பாட்டில் வேண்டும் என்று யாரும் மயங்கிவிட வேண்டாம். நிலக்கடலை மட்டுமே ஒவ்வாத பிள்ளை மற்றவற்றை நன்றாகச் சாப்பிட்டால் தனி மாத்திரை தேவையில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கூழும் களியும் ஏழையின் உணவு என்று இகழ்ந்தவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். உணவால் நிரம்பாத குறைக்குத்தான் மருந்து. அதன் அளவை டாக்டர் சொல்லவேண்டும், கடைக்காரர் அல்ல. ஏ, டி வைட்டமின்கள் மிஞ்சினால் உடம்பிலேயே தங்கித் தீங்கு செய்யும். இரும்புச்சத்து மாத்திரைகளைக் குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. சத்து மருந்திலேயே பால் சர்க்கரையோ, சோயாவோ, மீன் எண்ணெயோ கலந்திருக்கலாம். ஒவ்வாமை தரும் பொருள்களை லேபிளில் சொல்லவேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு உணவு விதிகள் ஆணையிடுகின்றன. எந்த மொழியில்? ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்! தமிழில் எழுதத் தடையில்லையாம், கட்டாயமும் இல்லையாம். ஆலைத் தொழிலாளியின் மனைவி எதைப் படித்துப் பிள்ளையைக் காப்பாற்றுவாள்?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கொரு முறை வைட்டமின் ஏ தரப்படுகிறது. 2018-இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் இரும்புச்சத்து மருந்து இலவசம். 2013-இல் வந்த குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் வைட்டமின் டி குறைவையும் கண்டறியச் சொல்கிறது. நன்று. ஆனால் இவை பொதுவான ஏற்பாடுகள். ஒவ்வாமையால் ஓர் உணவையே இழந்த பிள்ளைக்குத் தனிக் கணக்கு வேண்டாமா? சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். முட்டையில் ஆறு கிராம் புரதம். பழத்தில் ஒரு கிராம்தான். பி-12 அறவே இல்லை. இது ஈடாகுமா?

ஆகவே நாம் கோருவது மூன்று. அரசு மருத்துவமனைகளில் ஒவ்வாமைக் குழந்தைகளுக்கு உணவு ஆலோசனையும், தேவையான சத்து மருந்தும் இலவசமாகக் கிடைக்கவேண்டும். லேபிளில் தமிழ் கட்டாயமாகவேண்டும். சத்துணவில் முட்டைக்குச் சமமான மாற்று வேண்டும்.

தோழர்களே! குழந்தையின் எலும்பு தகப்பனின் கூலியைப் பார்த்து வளர்வதில்லை. சங்கக் கூட்டங்களில் போனசைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசுங்கள். இதுவும் நம் உரிமைதான்.