படகு ஏறுமுன்

பெற்றோர்களே, சென்ற பள்ளி விடுமுறையில் மின்மினி பார்க்கக் குடும்பத்தோடு சிலாங்கூர் ஆற்றுக்குப் போனேன். வாடகைக்குப் படகு எடுத்தது அதுவே முதல் தடவை. வாடகை பேசுவதில் இருந்த கவனம் மற்றதில் இல்லை. ஏறும்போதுதான் பார்த்தேன்: ஐந்து பேருக்கு நான்கே மிதவைச் சட்டைகள்!

"எனக்கு வேண்டாங்க, பிள்ளைகளுக்குப் போடுங்க" என்றாள் என் மனைவி.

சோற்றில் விட்டுக்கொடுத்துப் பழகிய மனம். ஆறு அதை அறியுமா? இறங்கிவிட்டோம். அரைமணி காத்திருந்து, ஐவருக்கும் சட்டை இருந்த படகில் போனோம். ஆற்றோரப் பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒருசேரக் கண்சிமிட்டின.

வாடகை பேசுமுன் சட்டைகளை எண்ணுங்கள். பிள்ளைக்குப் பெரியவர் சட்டை ஆகாது. தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். கேட்கக் கூச்சம் வேண்டாம். எண்ணும்போது அம்மாவையும் சேர்த்து எண்ணுங்கள்.