ஹனூர்ப் பள்ளிக்கு எந்தப் புலி?

ஹனூர் வட்டாரத்தில் எழும் புதிய உயர்நிலைப் பள்ளி ஒன்று தனக்கென ஒரு சின்னம் தேடினால், முதலில் நினைவில் எழுவது புலியே. மலை மாதேஸ்வரர் ஊர்ந்து செல்லும் வாகனம் அது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், பல்லைக் காட்டி உறுமும் புலித்தலைக்கும் அதற்கும் உறவில்லை.

1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது; ஹனூர் பின்னாளில் அவ்வட்டத்திலிருந்து பிரிந்தது. தமிழும் கன்னடமும் அங்கு இன்றும் அருகருகே ஒலிக்கின்றன. தமிழில் புலி, கன்னடத்தில் ஹுலி. பால் ஹாலு ஆனதும் பல் ஹல்லு ஆனதும் இதே மாற்றத்தால்தான்: சொல்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று. ஆகவே அச்சொல் இரு வீட்டுக் குழந்தைகளுக்கும் உரியது.

ஆனால் 2025 ஜூனில் அம்மலைக் காட்டில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சிட்ட மாட்டிறைச்சியைத் தின்று மடிந்தன. மாட்டைப் புலிக்கு இழக்கும் குடும்பத்தின் வலியும் பொய்யன்று. அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளே அப்பள்ளியில் பயில்வர். எனவே சின்னத்தை விலைக்கு வாங்காமல் அவர்களையே வரையச் செய்வது தகும்: தாயும் நான்கு குட்டிகளும், சட்டைப்பை அளவிலும் துலங்கும் சில கோடுகளில். ஏன் ஐந்து என்று கேட்பவருக்கு விடை சொல்லும் பொறுப்பு, அச்சட்டையை அணிந்த பிள்ளையைச் சேரும்.