பயனற்றுப்போன வரிச் சலுகை: மாற்றுத்திறனாளிகளின் கார்களுக்கு அடுத்து என்ன?

மும்பை: சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் அனைவருக்கும் 18 சதவீதமாகக் குறைந்தது. இதனால், கை கால் இயக்கக் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு இருந்துவந்த தனிச் சலுகை பொருளற்றுப் போனது அதிகம் பேசப்படவில்லை.

40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளோர், மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழுடன் 18 சதவீத வரியில் சிறிய கார் வாங்கிவந்தனர். மற்றவர்கள் பெட்ரோல் காருக்கு செஸ் உட்பட 29 சதவீதம் செலுத்தினர். வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் ரூபாய் எனில், சலுகையின் மதிப்பு 55,000 ரூபாய். இன்று அது பூஜ்யம். ஆனால், காரைத் தமக்கேற்ப மாற்றியமைக்கும் செலவு மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே உரியது. அது அப்படியே நீடிக்கிறது.

வலது காலை இழந்தவருக்கு ஆக்சிலரேட்டர் பெடல் பிரேக்கின் இடப்புறம் பொருத்தப்படுகிறது. இரு கால்களும் இயங்காதவருக்கு, ஸ்டீயரிங் அருகே கையால் இயக்கும் நெம்புகோல் இரண்டு பெடல்களின் வேலையையும் செய்கிறது. கிளட்ச்தான் பெரிய தடை. 2014இல் மாருதி செலேரியோ மூலம் குறைந்த விலையில் ஏ.எம்.டி. கியர் வந்தபின் அது ஓரளவு நீங்கியது. மின்சாரக் கார்களில் கிளட்ச் கிடையாது. அவற்றுக்கு வரியும் 5 சதவீதமே.

சட்டத் தடையும் இருந்தது. தயாரிப்பாளர் வகுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறைவேறிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் வாகனங்களுக்கு 52ஆவது பிரிவில் விலக்கு அளித்தது. மாற்றியமைத்தபின் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும். தாராவி, மாட்டுங்கா வாசிகளுக்கு அது தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகம், செம்பூர்வாசிகளுக்கு வடாலா.

தாராவியின் குறுகிய சந்துகளுக்கு இணைப்புச் சக்கர ஸ்கூட்டரே பெரிது. அங்கே கார் எதற்கு என்று கேட்கலாம். நான்கு மாத மழைக்காலத்தில் ஊன்றுகோலுடன் ஸ்கூட்டரிலோ, நெரிசல் மிகுந்த புறநகர் ரயிலிலோ வேலைக்குச் செல்வோரிடம் அக்கேள்வி எழாது.

சலுகை சிறிய கார்களோடு நின்றதும் ஒரு குறையே. 4 மீட்டருக்கு உட்பட்ட காரின் டிக்கியில் சக்கர நாற்காலியை வைப்பது கடினம்; சி.என்.ஜி. உருளை இருந்தால் இடமே இல்லை. பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு இப்போது 40 சதவீத வரி. நாற்காலிக்கு இடம் தேடுபவர், சொகுசுக் கார் வாங்குபவருக்கு இணையாக வரி செலுத்த நேர்கிறது. இது நியாயமாகத் தோன்றவில்லை.

மாற்றியமைக்கும் உபகரணத் தொகுப்புகளுக்கான வரியை 5 சதவீதமாக்க ஜி.எஸ்.டி. கவுன்சில் 2021 செப்டம்பரில் லக்னோவில் முடிவெடுத்தது. வரிக் குறைப்பு உதவும். முழுச் செலவையும் அது ஈடுசெய்யாது. வாகனங்களை மாற்றியமைப்பதற்கான திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 41ஆவது பிரிவு கூறுகிறது. அதன்படி மாற்றியமைக்கும் செலவுக்கு நேரடி மானியம் தருவது ஒரு வழி. சான்றிதழ் பெற்றோருக்குப் பெரிய கார்களிலும் 18 சதவீதத்தை அனுமதிப்பது இன்னொரு வழி, அதற்கு ஜி.எஸ்.டி. கவுன்சிலின் ஒப்புதல் தேவை.