நல்ல இயந்திரத்துக்கு நாள் குறித்தார்கள்!

கிழமாடானால் அடிமாட்டுக்கு விற்பான் கல்நெஞ்சன். அது நாம் அறிந்த கொடுமை. ஆனால் ஏரிலே பூட்டி, சேற்றிலே நின்று உழுதுகொண்டிருக்கும் மாட்டைப் பார்த்து, "நாளை முதல் இது மாடல்ல, இதற்கு வைத்தியம் கிடையாது, புதுமாடு வாங்கிக்கொள்" என்று ஆணையிடுபவனை எந்த ஊரிலேனும் கண்டதுண்டா? மாட்டை விற்றவனே வந்து அப்படிச் சொன்னதைக் கேட்டதுண்டா?

2025 அக்டோபர் 14 அன்று உலகம் கேட்டது. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அன்றோடு ஆதரவு முடிந்தது என்றது மைக்ரோசாஃப்ட் நிறுவனம். கணினி நின்றுவிடவில்லை. மறுநாள் காலையும் பொத்தானை அழுத்தினால் விழித்தது, கடிதம் எழுதியது, கணக்குப் போட்டது. நின்றது ஒன்றுதான்: திருடன் புதுச்சாவி செய்யும்போதெல்லாம் பூட்டை மாற்றித் தரும் வேலை. மாதந்தோறும் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள், கேளாமல் வருவது அன்றோடு நின்றது.

"அதற்கென்ன, விண்டோஸ் 11 இருக்கிறதே, ஏறிக்கொள்ளுங்களேன்! காசுகூடக் கேட்கவில்லையே!" என்கிறார் நண்பர். உண்மைதான், காசு கேட்கவில்லை. சாதகம் கேட்கிறார்கள்! எந்த ஆண்டு பிறந்தாய், எந்தத் தலைமுறை, எந்தக் குலம் என்று கேட்கிறார்கள். இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அந்தத் தலைமுறை 2017-இல்தான் பிறந்தது. 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் போதும் என்கிறார்கள்; அதிலே குறையில்லை. ஆனால் டி.பி.எம். 2.0 என்றொரு காவல்சில்லு கட்டாயம். விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபரில். அப்போது 2017-இன் தொடக்கத்தில் ஏழாம் தலைமுறைச் செயலியோடு வாங்கிய கணினிக்கு வயது நான்கு. நான்கு வயதுப் பிள்ளையைப் பள்ளி வாசலிலே நிறுத்தி, "உனக்கு வயதாகிவிட்டது, போ" என்று விரட்டிய விந்தை அது!

காவல்சில்லு வீண் என்று நாம் வாதாட வரவில்லை. கடவுச்சொல்லையும் மறைக்குறிச் சாவிகளையும் வீட்டுப் பரணிலே போட்டுவைக்காமல், தனியே ஓர் இரும்புப் பெட்டியிலே பூட்டுவது போன்றது அது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீநிரல் உலகைச் சுற்றியதே, இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்ததே, அதற்கு வழிவிட்டவை திருத்தம் போடாமல் கிடந்த கணினிகள்தாம். ஆகவே பாதுகாப்பு என்பது பசப்பு மொழியல்ல. நாம் கேட்பது வேறு. இரும்புப் பெட்டி இல்லாத வீட்டுக்குக் கதவே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்? புதிய வீட்டுக்குப் பெட்டி வை. பழைய வீட்டின் பூட்டையும் பழுது பார். திருத்தம் எழுதத் தெரியாதவர்களா அவர்கள்? தெரியும். எழுதவும் செய்கிறார்கள். விலை வைத்து விற்கிறார்கள்!

அந்தக் கடைச்சரக்கின் விலைப்பட்டியலைப் பாருங்கள். வீட்டுக் கணினிக்கு ஓராண்டு நீட்டிப்பு, 2026 அக்டோபர் 13 வரை என்று நாள் குறித்து, 30 டாலர். நம் நாணயத்திலே 2,500 ரூபாய்க்கு மேல். நிறுவனங்களுக்கு முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு அது இரட்டிப்பு, அதற்கடுத்து மீண்டும் இரட்டிப்பு. பள்ளிகளுக்கு முதலாண்டு 1 டாலர்தான்! ஒரு டாலருக்குக் கொடுக்க முடிந்த அதே மருந்து, பக்கத்துக் கடைக்காரனுக்கு 61 டாலர். மருந்தின் அடக்கவிலை எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாக அவர்களே சொல்ல முடியாது.

காசில்லாதவனுக்கும் வழி உண்டு என்றார்கள். உன் கணினி அமைப்புகளை எங்கள் மேகக் கிடங்கிலே படியெடுத்து வை, இலவசம்! பணமில்லையா, பத்திரத்தை அடகு வை என்னும் வட்டிக்கடை வாசகம் நினைவுக்கு வருகிறதா?

இங்கேதான் அரசியல் நுழைகிறது. ஐரோப்பாவிலே நுகர்வோர் அமைப்புகள் எழுந்தன. யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற அமைப்பு கடிதம் எழுதியது, சட்டத்தைக் காட்டியது. விளைவு? 2025 செப்டம்பரிலே இறங்கிவந்தது நிறுவனம். ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் வாழ்வோர் படியெடுத்து வைக்கவும் வேண்டாம், காசும் வேண்டாம். கணக்கிலே நுழைந்தால் போதும் என்றது. பாரிசுக்காரனுக்குப் பரிசு, பரமக்குடிக்காரனுக்குப் பட்டியல்! ஒரே மென்பொருள், ஒரே ஓட்டை, ஒரே திருத்தம். நிபந்தனை மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. அங்கே கேட்டார்கள், கிடைத்தது. இங்கே கேட்கவேண்டிய டில்லியின் குரல் நம் செவிக்கு எட்டவில்லை. இந்தியிலே பெயர்ப்பலகை வைப்பதற்கு எழும் சுறுசுறுப்பிலே நூறில் ஒரு பங்கு இதற்கு எழுந்திருந்தால், நடுத்தரக் குடும்பத்தின் மேசைமேல் இருக்கும் கணினிக்கு ஒரு நியாயம் பேசியிருக்கலாம்.

கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இலேயே கணக்குச் சொன்னது: இந்த முடிவால் ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று. அக்குப்பையிலே ஈயமுண்டு, அதை உடைத்து, எரித்து, செம்பு பொறுக்குகிற கைகள் சீமான் வீட்டுக் கைகளாக இருக்கப்போவதில்லை.

நிற்க. ஏசுவது எளிது, இன்று மாலை வீட்டிலே என்ன செய்வது என்பதல்லவா கேள்வி?

முதலில், தகுதியில்லை என்று திரை சொன்னதும் நம்பிவிடாதீர்கள். பல கணினிகளிலே காவல்சில்லு இருந்தும் தூங்குகிறது. பயாஸ் அமைப்பிலே போய் எழுப்பினால் எழுந்துகொள்ளும். எழுப்பியபின் மறுபடி சோதியுங்கள். தகுதி உண்டென்றால் ஏறுங்கள், தயங்கவேண்டாம். ஆனால் ஏறுமுன் குடும்பப் படங்கள், பத்திரங்கள், பிள்ளையின் சான்றிதழ்கள் அத்தனையும் தனி வட்டிலே படியெடுங்கள். நல்லநேரம் பார்த்து ஏற்றுவோர் பலரைக் கண்டிருக்கிறோம். படியெடுத்துவிட்டு ஏற்றுவோர் சிலரே! ஏறியபின் பிடிக்கவில்லையானால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். பதினொன்றாம் நாள் அந்த வாசல் மூடிவிடும்.

இன்னொன்று. புதிதாக நிறுவும் விண்டோஸ் 11, வீட்டுப்பதிப்பானால், நிறுவும்போதே இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். 2024-இல் வந்த பதிப்பிலிருந்து, அப்படி நுழைந்ததும் வட்டு முழுவதையும் தானே மறைக்குறியிட்டுப் பூட்டிக்கொள்ளும். மீட்புச் சாவி அந்தக் கணக்கிலே இருக்கும். கடைக்காரர் தம் மின்னஞ்சலைப் போட்டு நிறுவித் தந்தால், உங்கள் வீட்டுச்சாவி அவர் சட்டைப்பையிலே! சாவியை அச்செடுத்துப் பீரோவிலே வையுங்கள்.

தகுதியே இல்லாத கணினிக்கு லினக்ஸ் இருக்கிறது. விலையில்லை, எசமானன் இல்லை. இணையம், கடிதம், படம், பாடம் இவற்றுக்குத் தாராளமாகப் போதும். டாலியிலே கணக்கு எழுதும் வணிகருக்கும், பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருக்களையும் நம்பி அழைப்பிதழ் அச்சிடும் தோழருக்கும் அது உடனடி மருந்தல்ல. அதை மறைத்துப் பேசினால் நாளைக்கு நம்மையே ஏசுவார்கள். மியூனிக் மாநகராட்சிகூட 2003-இல் அந்தப் பாதையிலே போக முடிவெடுத்து, 2017-இல் திரும்ப முடிவெடுத்தது. ஆனால் அதே ஜெர்மனியிலே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், 2024-இல் 30,000 அரசுக் கணினிகளை அந்தப் பாதையிலேயே திருப்ப முனைந்தது. அண்டையிலே கேரளம், தன் பள்ளிப் பிள்ளைகளைப் பல்லாண்டாகக் கட்டற்ற மென்பொருளிலேயே வளர்க்கிறது. முடியாதது என்று சொல்ல வாயில்லை.

நம் நாட்டிலே? 2011-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி தரத் தொடங்கியபோது (மாற்றார் ஆட்சியில்தான், நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கு நா கூசாது), அதிலே விண்டோசும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இரண்டு கதவு உள்ள வீடு! ஆனால் இரண்டாம் கதவைத் திறக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் எத்தனை பேர்? கதவு வைத்தார்கள், வழி காட்டவில்லை.

தமிழுக்காக எவ்வளவு காத்திருந்தோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கலைஞர் ஆட்சியில், 1999 பிப்ரவரியில் சென்னையிலே கூடிய தமிழிணைய மாநாட்டிலே பிறந்தது தமிழ்99 விசைப்பலகை. விண்டோஸ் தன் வீட்டுக்குள்ளேயே அதற்கு நாற்காலி போட்டது 2019 மேம்படுத்தலில். இருபதாண்டு! இடையிலே அந்தத் திண்ணையைக் காத்தவை இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற நம்மவர் செய்த இலவச மென்பொருள்கள். லினக்சிலோ, நம் எழுத்தை நாமே நுழைக்க எவன் அனுமதியும் வேண்டியதில்லை.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையிலே, 20 லட்சம் கல்லூரி மாணவர்க்குக் கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது தமிழ்நாடு அரசு. இப்படிப் பெருந்தொகைக்கு வாங்குகிறவன், பிச்சை கேட்பவனல்லன், பேரம் பேசவேண்டியவன். இனி எந்த ஆட்சி எந்த ஒப்பந்தப்புள்ளி கோரினாலும் இரண்டு வரி அதிலே இருக்கட்டும்: பெட்டியைக் கொடுத்த நாளிலிருந்து பத்தாண்டு பாதுகாப்புத் திருத்தம், தனிக்காசின்றி, இரண்டாம் இயங்குதளம், அதைச் சொல்லிக்கொடுக்கக் கல்லூரிக்கு ஒருவர், சம்பளத்தோடு.