கல்சட்டிக்குப் பெயர் கிடைத்தது, கைகளுக்கு?

நாமக்கல் மலையில் எட்டாம் நூற்றாண்டில் அதியர் குடைந்த நரசிம்மர் குடைவரையைப் பார்க்க இன்றும் கூட்டம் வருகிறது. அதே வட்டாரத்துச் சிற்றுளிகள் இன்னொரு கல்லையும் செதுக்கி வந்துள்ளன. நகம் பட்டாலே கீறல் விழும் மாக்கல் அது. கடுங்கல் கோயிலானது, மாக்கல் அடுப்படிக்குக் கல்சட்டியாக வந்தது.

வெளிப்புறத்தை உருட்டி, உட்குழியைக் குடைந்து, விளிம்பைத் தேய்த்து எடுக்கும் வேலை அது. குடையும்போது கல் விரிந்தால் அதுவரை பட்ட பாடு வீண். வாங்கியவருக்கும் வேலை உண்டு: விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, வடிகஞ்சி ஊற்றி, நாள்கணக்கில் பழக்க வேண்டும். பழகிய சட்டி கருத்து மின்னும். புளியோடு வினைபுரியாது, இறக்கிவைத்த பிறகும் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். பாட்டி பழக்கிய சட்டியில் பேத்தி சமைத்த வீடுகள் பல.

பிறகு எவர்சில்வர் வந்தது. 1981-இல் சேலம் உருக்காலையே துருப்பிடிக்காத எஃகுத் தகடு தயாரிக்கத் தொடங்கியது. விழுந்தாலும் உடையாத பாத்திரத்தை மக்கள் விரும்பியதில் தவறில்லை. ஆனால் கல்சட்டி பரணேறியபோது, அதைச் செய்யும் கைகளுக்கு மாற்றுவழி என்ன என்று யாரும் கேட்கவில்லை.

ஜப்பான் தன் அரக்குக் கலைஞர்களுக்காக அந்தக் கேள்வியைக் கேட்டது. மரப்பாலை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஈரம் காயுமுன் பொன்தூள் தூவிச் சித்திரம் தீட்டும் அரக்குப் பேழைகள் அந்நாட்டின் பெருமை. பழைய பேழைகளை அருங்காட்சியகத்தில் வைத்ததோடு அது நிற்கவில்லை. 1950-இல் பண்பாட்டுச் செல்வங்களுக்குச் சட்டம் இயற்றியது. 1955-இல் அந்தப் பொன்தூள் கலையில் தேர்ந்த மட்சுடா கொன்ரோகு போன்றோரையே நாட்டின் செல்வமாக அறிவித்தது. அத்தகையோர் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க ஆண்டுதோறும் அரசு உதவித்தொகை தருகிறது.

நாமக்கல் மாக்கல் பாத்திரத்துக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்பாசமுத்திரத்தின் அரக்கு பூசிய மரச் சொப்புச் சாமானுக்கும் கிடைத்தது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் குறியீடு காப்பது பெயரை. உளி பிடிக்க ஆளில்லாத ஊரில் பெயரை வைத்து என்ன செய்ய?

தேர்ந்த கல்சட்டிக் கலைஞருக்கு மாத ஊதியமும், அவரிடம் பயிலும் இளைஞருக்கு உதவித்தொகையும் அரசு தர வேண்டும். வாசகர்களும் பேரம் பேசாமல் ஒரு கல்சட்டி வாங்குங்கள்; பொறுமையாகப் பழக்குங்கள்.