ஆயிரம் பொன்னுக்கு ஒரு சத்தியம்

‘என் பாலடின் கிரே கேரக்டர் ப்ரோ’ என்று யாராவது ஆரம்பித்தால் நான் ஒன்றுதான் கேட்பேன்: செய்த தப்புக்கு அவன் இதுவரை என்ன விலை கொடுத்தான்? பதிலுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் வரும். குடும்பம் செத்துப்போச்சு, கடவுள் கைவிட்டுட்டார், அதனால ஊரைக் கொளுத்திட்டான். இதற்குப் பெயர் சாம்பல் நிறமா? சோகக்கதை ஒட்டிய கொடூரம், அவ்வளவுதான்.

1975இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கிரேஹாக் இணைப்பில் பாலடின் அறிமுகமானபோது விதி கறாராக இருந்தது. ஒழுங்கு மீறிய ஒரே செயல் போதும், பாலடின் என்ற தகுதி போய்விடும், திரும்பவே வராது. முரட்டு விதிதான். ஆனால் வீழ்ச்சி என்றால் இழப்பு என்று அதற்குத் தெரிந்திருந்தது.

2023இல் வந்த பல்டர்ஸ் கேட் 3இல் சத்தியம் தவறினால் முகாமுக்கு ஒரு கவச வீரன் வந்து நிற்கிறான். அவன் வழியில் போனால் புதுச் சக்திகள். வேண்டாமா, 1,000 பொற்காசைக் கொடுத்துச் சத்தியத்தை மீட்டுக்கொள்ளலாம், அடகு நகையை மீட்பது மாதிரி. காசுக்கும் மனசு வரவில்லையா, பழைய சேவ் இருக்கவே இருக்கிறது.

நானும் யோக்கியன் இல்லை. கொன்றிருக்கக் கூடாத ஒருவனைக் கொன்றேன், சத்தியம் முறிந்தது, உடனே லோட் செய்துவிட்டேன். என் பாலடின் உத்தமனாகவே இருந்தான். கொலை செய்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2002இல் வெளிவந்த வார்கிராஃப்ட் 3இன் ஆர்தஸை நினைத்துப் பாருங்கள். ஸ்ட்ராத்ஹோம் நகர மக்கள் நோய்த் தானியத்தைத் தின்றுவிட்டார்கள், நடைப்பிணங்களாக எழப்போகிறார்கள். ஊதரும் ஜெய்னாவும் விலகிப் போகிறார்கள். ஆர்தஸ் வெட்டுகிறான், திரையில் எண்ணிக்கை ஏறுகிறது, மௌஸ் நம் கையில். அவன் சொன்ன ஆபத்து பொய்யில்லை, ஊதர் மறுத்ததும் தப்பில்லை. சாம்பல் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பிறகு ஃப்ராஸ்ட்மோர்ன் வாளுக்கு ஆன்மாவைக் கொடுத்து, பெற்ற அப்பனையே குத்திக் கொல்கிறானே, அதையும் ‘கிரே’ என்றால் எப்படிங்க? அப்போது அவனுக்குள் உறுத்த எதுவுமே மிச்சமில்லை.

‘கேம்தானே, ஏன் டென்ஷன்?’ என்பீர்கள். நிஜத்தில் ஒருவரைக் காயப்படுத்திவிட்டு ‘சூழ்நிலை அப்படி’ என்று நழுவுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இங்கே நன்றாகப் பயிற்சி கிடைக்கிறது. அதனால்தான் டென்ஷன்.

அடுத்த முறை சத்தியம் முறிந்தால் காசு கொடுக்காதீர்கள், லோட் செய்யாதீர்கள். மிச்சக் கதையை அவனாகவே நடந்து முடியுங்கள். அவன் கொன்ற ஆள் நின்றிருந்த இடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய் வாருங்கள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.